வேலை பார்த்துக்கொண்டே படிப்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

ஊர் நூலகத்தில் மாலை நேரத்தில் படிக்க வருபவர்களோடு உட்கார்ந்து, தெரிந்ததைச் சொல்லிக்கொடுக்கிறேன். வருபவர்களில் பாதிப்பேர் பள்ளியை விட்டுப் பல வருஷம் ஆனவர்கள். மளிகைக் கடையில் கணக்கு எழுதுகிறவர், வயரிங் வேலை செய்கிறவர், கைக்குழந்தையை மாமியாரிடம் விட்டுவிட்டு வருகிறவர் என்று பல தரப்பு. ஒருவர் குரூப் 4 எழுதுகிறார், ஒருவர் துறைத் தேர்வு, இன்னொருவர் ஸ்போக்கன் இங்கிலீஷ். படிப்பது எதுவானாலும் கேட்கும் சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். அவற்றைக் கேட்டவர்களின் வார்த்தையிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன்.

எனக்கு 38 வயசு ஆகுது. இனிமே படிச்சா மண்டையில ஏறுமா?

ஏறும். வயது கூடக்கூட சில விஷயங்களில் வேகம் குறைகிறது என்பது உண்மைதான். ஜோஷுவா ஹார்ட்ஷோர்ன், லாரா ஜெர்மைன் இருவரும் 2015-இல் வெளியிட்ட ஆய்வின்படி, கண்ணில் பட்ட தகவலைச் சட்டென்று கையாளும் வேகம் 18, 19 வயதிலேயே உச்சத்துக்குப் போய்விடுகிறது. ஒரு போன் நம்பரை அப்போதைக்கு மனதில் பிடித்து வைக்கும் திறன் 25 வயது வாக்கில் உச்சம். ஆனால் சொல்வளம் அறுபதைத் தாண்டியும் வளர்ந்துகொண்டே போகிறது. எல்லாமே ஒரே வயதில் ஏறி ஒரே வயதில் இறங்குவதில்லை.

லண்டனில் கறுப்பு டாக்சி ஓட்ட உரிமம் வேண்டுமென்றால், நகரின் நடுவே இருக்கும் சாரிங் கிராஸைச் சுற்றி 6 மைலுக்குள் உள்ள சுமார் 25,000 தெருக்கள் மனதில் இருக்க வேண்டும். படித்து முடிக்க மூன்று நான்கு வருஷம் பிடிக்கும். அப்படிப் படிக்கத் தொடங்கிய 79 பேரின் மூளையைத் தொடக்கத்தில் ஒரு முறையும் சில வருஷம் கழித்து ஒரு முறையும் ஸ்கேன் செய்து, கேத்தரின் வூலெட்டும் எலினார் மக்வையரும் 2011-இல் முடிவை வெளியிட்டார்கள். தேர்வில் தேறிய 39 பேருக்கு, இடங்களை நினைவில் வைக்கும் ஹிப்போகாம்பஸ் என்ற பகுதியின் பின்பாகம் வளர்ந்திருந்தது. தேறாதவர்களுக்கு அந்த மாற்றம் இல்லை. அவர்கள் அத்தனை பேரும் வளர்ந்த மனிதர்கள்.

38 வயதில் உங்களுக்குக் குறைவாக இருப்பது நேரம். அதனால் எப்படிப் படிக்கிறோம் என்பது இருபது வயதுக்காரரைவிட உங்களுக்குத்தான் முக்கியம். மற்ற பதில்களெல்லாம் அதைப் பற்றியவைதான்.

படிக்கும்போது எல்லாம் புரியுது சார். புக்கை மூடினா ஒண்ணுமே ஞாபகம் வரல. ஏன்?

நான் அதிகம் கேட்ட கேள்வி இதுதான். பக்கம் கண் முன்னால் இருக்கும்போது வருவது பழகிய உணர்வு. மூன்றாவது முறை வாசிக்கும்போது வரிகள் தெரிந்தவையாகத் தோன்றும். அதை மனம் ‘எனக்குத் தெரியும்’ என்று எடுத்துக்கொள்கிறது. தேர்வு அறையில் பக்கம் இருக்காது. பக்கமில்லாமல் எடுத்துச் சொல்வது வேறு வேலை, அதை நாம் ஒரு முறைகூடப் பழகியிருக்க மாட்டோம்.

ஹென்ரி ரோடிகர், ஜெஃப்ரி கார்பிக்கி என்ற இரண்டு ஆய்வாளர்கள் 2006-இல் இதைத் தெளிவாகக் காட்டினார்கள். ஒரு சிறு பாடத்தை ஒரு குழு இரண்டு தடவை படித்தது. இன்னொரு குழு ஒரு தடவை படித்துவிட்டு, நினைவிலிருந்து எழுதிப் பார்த்தது. ஐந்து நிமிஷம் கழித்துச் சோதித்தபோது திரும்பப் படித்த குழுதான் முன்னால் நின்றது: 81 சதவீதம், மற்றவர்கள் 75. ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது நிலைமை தலைகீழ். திரும்பப் படித்தவர்கள் 42 சதவீதத்துக்கு இறங்கிவிட்டார்கள், எழுதிப் பார்த்தவர்கள் 56 சதவீதத்தில் நின்றார்கள்.

அந்த ஐந்து நிமிஷ வெற்றிதான் நம்மை ஏமாற்றுவது. இரவு படித்து முடித்ததும் எல்லாம் தெரிந்தது போலிருக்கும். அந்த நிம்மதியோடு தூங்கி, அடுத்த வாரம் மாதிரித் தேர்வில் உடைந்துபோகிறவர்களை நிறையப் பார்க்கிறேன். அவர்கள் உழைக்காதவர்கள் இல்லை. உழைப்பெல்லாம் வாசிப்பதிலேயே போய்விடுகிறது.

அப்போ எப்படித்தான் படிக்கணும்? ஒரு வழி சொல்லுங்க.

லாங் சைஸ் நோட்டு ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். பக்கத்தை நெடுக்காக நடுவில் மடித்துக் கோடு விழச் செய்யுங்கள். பாடத்தை ஒரு முறை நிதானமாகப் படித்த பிறகு இடது பக்கம் கேள்விகள், வலது பக்கம் பதில்கள். அரசியலமைப்புப் பாடம் என்றால், ‘உறுப்பு 352 எதற்கு?’ என்று இடப்பக்கம், ‘தேசிய அவசரநிலை’ என்று வலப்பக்கம். ‘மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி எந்த உறுப்பு?’ – 356. ‘நிதி அவசரநிலை?’ – 360. மறுநாள் வலப்பக்கத்தை மடித்து மறைத்துவிட்டு, இடப்பக்கத்தைப் பார்த்துப் பதிலை வாய்விட்டுச் சொல்லுங்கள் அல்லது ரஃப் தாளில் எழுதுங்கள். பிறகு திறந்து பாருங்கள். தப்பானதற்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு புள்ளி.

முக்கியமான இடம், பதில் வராமல் திணறும் அந்த அரை நிமிஷம். உடனே திறந்து பார்த்துவிடாதீர்கள். தேடிவிட்டுத் தப்பாகச் சொன்னாலும் பரவாயில்லை, சரியான பதிலைப் பார்த்துத் திருத்திக்கொண்டால் போதும். தேடிய பிறகு பார்க்கும் பதில் நன்றாக ஒட்டும்.

கைத்தொழிலுக்கும் இதுதான். வயரிங் படிக்கும் ஒரு தம்பி, மாடிப்படி விளக்குக்கு இரண்டு டூவே சுவிட்ச் போடும் படத்தைப் பத்து முறை பார்த்து வைத்திருந்தார். வெற்றுத் தாளைக் கொடுத்து வரையச் சொன்னதும், இரண்டு சுவிட்சுக்கும் நடுவே எத்தனை வயர் ஓடும் என்பதில் நின்றுவிட்டார். தெரியாத இடம் எது என்று அப்போதுதான் அவருக்கே தெரிந்தது. அன்றைக்கு அவர் கற்றது அந்த ஒரு வயர் விஷயம்தான், இன்றும் மறக்கவில்லை.

எனக்கு ஞாயித்துக்கிழமை மட்டும்தான் லீவு. அன்னிக்கு எட்டு மணி நேரம் உட்கார்ந்தா போதாதா?

எட்டு மணி நேரத்தை ஒரே நாளில் போடுவதைவிட, தினமும் ஒரு மணி நேரம் அதிகப் பலன் தரும். இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று பிரிட்டிஷ் தபால்காரர்களுடையது. ஆலன் பேட்லியும் லாங்மனும் 1978-இல் எழுதியது. கடிதம் பிரிக்கும் புது இயந்திரங்களுக்காகத் தபால் ஊழியர்கள் தட்டச்சு கற்க வேண்டியிருந்தது. ஒரு குழு நாளுக்கு ஒரு மணி நேரம் பழகியது. இன்னொரு குழு நாளுக்கு நான்கு மணி நேரம். விசைப்பலகையைக் கற்று முடிக்க முதல் குழுவுக்குச் சுமார் 35 மணி நேரம் போதுமாக இருந்தது. நான்கு மணி நேரக் குழுவுக்குச் சுமார் 50 மணி நேரம் ஆயிற்று.

இதில் கவனிக்க வேண்டியது இன்னொன்று உண்டு. பயிற்சியில் அதிகத் திருப்தி இல்லாமல் இருந்தவர்கள் அந்த ஒரு மணி நேரக் குழுவினர்தான். நாள்கணக்கில் பார்த்தால் மற்றவர்கள் முன்னால் போவது போலத் தெரிந்ததால், தாங்கள் பின்தங்கிவிட்டோம் என்று நினைத்தார்கள். நன்றாகக் கற்றுக்கொண்டிருக்கும்போதே மனசு சோர்ந்துபோகலாம் என்பதை நினைவில் வையுங்கள். கடைசிக் கேள்விகளில் இது மறுபடியும் வரும்.

நம் ஊர் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டுகள் காலங்காலமாக இப்படித்தான் நடக்கின்றன. தினமும் ஒரு மணி நேர பேட்ச், முதல் வாரம் முழுக்க ‘ஏ எஸ் டி எஃப்’ வரிசை, மறுநாள் திரும்ப அதே. அங்கே படித்துத் தேறியவர்களின் விரல் இருபது வருஷம் கழித்தும் விசையைத் தேடுவதில்லை.

தினமும் ஒரு மணி நேரம் கூட கிடைக்காதே?

இருபது நிமிஷம் இரண்டு தடவை போதும். பஸ்ஸில் நின்றுகொண்டே மடித்த நோட்டைப் பார்க்கலாம். புதுப் பாடம் படிக்கத்தான் உட்கார இடம் வேண்டும், கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டாம். ஞாயிற்றுக்கிழமையைப் புதுப் பாடத்துக்கும் மாதிரித் தேர்வுக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

ரிவிஷன் எத்தனை நாளைக்கு ஒரு தடவை பண்ணணும்?

ஹெர்மன் எப்பிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர், பொருளில்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து, தானே மறந்து, அளந்து பார்த்து 1885-இல் வெளியிட்டார். மறதி முதல் நாளிலேயே மிக வேகமாக நடக்கிறது, அதற்குப் பிறகு மெல்ல மெல்ல என்பது அவர் கண்டது. அதனால் முதல் ரிவிஷன் மறுநாள். அதற்கடுத்து மூன்று நாள், ஒரு வாரம், மூன்று வாரம் என்று இடைவெளியை விரித்துக்கொண்டே போகலாம்.

இடைவெளி எவ்வளவு என்பது எத்தனை நாள் நினைவிருக்க வேண்டும் என்பதைப் பொறுத்தது. நிக்கோலஸ் செபேடாவும் கூட்டாளிகளும் 1,300-க்கும் மேற்பட்டவர்களை வைத்து 2008-இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு வாரம் நினைவிருக்க ஓரிரு நாள் இடைவெளி நன்றாக இருந்தது. ஒரு வருஷம் நினைவிருக்க வேண்டுமென்றால் ஏறக்குறைய மூன்று வார இடைவெளி. பாதி மறந்த பிறகு திரும்பிப் போவது வீண் வேலை போலத் தோன்றும். மறக்கத் தொடங்கிய நேரத்தில் தேடி எடுப்பதுதான் பலமாக நிற்கிறது. நோட்டில் புள்ளி வைத்த கேள்விகளை மட்டும் அடிக்கடி பாருங்கள், தடையில்லாமல் வருபவற்றைத் தள்ளித் தள்ளிப் பாருங்கள். போனில் செய்ய விருப்பமென்றால் ஆன்கி என்ற செயலி இந்தக் கணக்கைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஹைலைட்டர்ல கோடு போட்டுத்தான் படிப்பேன். அது நல்லதுதானே?

கெடுதல் இல்லை. பலனும் குறைவு. ஜான் டன்லோஸ்கியும் கூட்டாளிகளும் 2013-இல் பத்துப் படிப்பு முறைகளை எடைபோட்டபோது கோடு போடுவதும் திரும்ப வாசிப்பதும் கீழ்வரிசையில் நின்றன. தன்னைத்தானே சோதிப்பதும் நாள்களைப் பரப்பிப் படிப்பதும் மேல்வரிசையில் நின்றன. கோடு போட்ட வரியைக் கேள்வியாக்கி நோட்டில் ஏற்றுங்கள்.

நான் விஷுவல் லேர்னர். எனக்குப் படம் பார்த்தாதான் ஏறும்னு ஒரு டெஸ்ட்ல வந்துச்சு.

அப்படி ஒருவருக்கு ஒரு வழி என்று பிரித்துக் கற்பிப்பதால் பலன் கூடுகிறது என்பதற்குத் தகுந்த ஆதாரம் இல்லை என்று ஹரோல்ட் பாஷ்லர் குழு 2008-இல் எல்லா ஆய்வுகளையும் அலசிச் சொன்னது. விருப்பம் ஒவ்வொருவருக்கும் இருக்கும். ஆனால் பாடம்தான் வழியைத் தீர்மானிக்கிறது. வரைபடத்தை எல்லோரும் கண்ணால்தான் கற்க வேண்டும், உச்சரிப்பை எல்லோரும் காதால்தான். ‘எனக்குப் படம்தான்’ என்று முத்திரை குத்திக்கொண்டு கணக்குப் போடாமல் விட்டவர்களைப் பார்த்து வருத்தப்பட்டிருக்கிறேன்.

யூடியூப்ல ரெண்டு மணி நேர வீடியோ பார்த்தா பாடம் முடிஞ்சிடுது. அது போதுமா?

நல்ல ஆசிரியர்கள் இலவசமாகக் கிடைப்பது பெரிய வரம். பார்ப்பதோடு நிறுத்தினால், இரண்டாவது கேள்வியில் சொன்ன அதே பழகிய உணர்வுதான் கிடைக்கும். பத்து நிமிஷத்துக்கு ஒரு முறை நிறுத்தி, இதுவரை சொன்னதை ஒரு வாக்கியத்தில் சொல்லிப் பாருங்கள். கணக்கு வீடியோ என்றால், அவர் விடை எழுதுவதற்கு முன் நிறுத்திவிட்டு நீங்கள் போடுங்கள்.

கணக்குன்னா ஸ்கூல்லயிருந்தே பயம். அதை விட்டுட்டு மத்ததைப் படிக்கலாமா?

விடாதீர்கள். குரூப் 4-இல் திறனறிவுக்கு மட்டும் 25 கேள்விகள். அதைவிட முக்கியம், உங்களுக்குக் கணக்கு தெரியும். மளிகைக் கடைக்காரர் ஒருவரிடம், ‘10,000 ரூபாய்க்கு ஆண்டுக்கு 24 சதவீதத் தனிவட்டியில் 8 மாத வட்டி என்ன?’ என்று புத்தகத்தைக் காட்டினேன். முகம் சுருங்கிவிட்டது. ‘பத்தாயிரம், ரெண்டு வட்டி, எட்டு மாசம்’ என்று கேட்டதும், கண் மூடித் திறப்பதற்குள் ‘1,600’ என்றார். மாசம் 200, எட்டு மாசத்துக்கு 1,600. இரண்டும் ஒரே கணக்குதான் என்று பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்டியபோது அவர் நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். ‘ரெண்டு வட்டி’ என்பது நூற்றுக்கு மாதம் இரண்டு, வருஷத்துக்கு 24. வாய்பாடு அங்கிருந்து தானாக வந்தது.

பெரியவர்களின் பலம் இதுதான். வெறும் பலகையோடு வருவதில்லை, வருஷக்கணக்கான அனுபவத்தோடு வருகிறார்கள். புதுப் பாடத்தை ஏற்கெனவே தெரிந்த எதன் பக்கத்தில் வைக்கலாம் என்று முதலில் தேடுங்கள்.

சுத்தமாகப் புரியாத கணக்கு என்றால், நேராகப் போட்டுப் போராட வேண்டாம். விடையோடு போட்டுக் காட்டிய கணக்கைப் படியுங்கள், ஒவ்வொரு வரிக்கும் ‘இது எப்படி வந்தது?’ என்று கேளுங்கள். அடுத்து அதே மாதிரியில் கடைசி வரியை மட்டும் மறைத்துப் போடுங்கள், பிறகு கடைசி இரண்டு வரி. ஜான் ஸ்வெல்லர் ஆஸ்திரேலியாவில் 1980-களிலிருந்து காட்டிவருவது இது: அடித்தளம் இல்லாதவருக்குத் தீர்த்த கணக்கைப் படிப்பது பலன் தரும், ஓரளவு பழகியவருக்குத் தானே போடுவதுதான் பலன் தரும். ஆகவே ‘மூடிவிட்டுச் சொல்லிப் பார்’ என்று மேலே சொன்னது, ஒரு முறை புரிந்த பாடத்துக்குத்தான்.

ஒரு தலைப்பை முழுசா முடிச்சிட்டு அடுத்ததுக்குப் போகணுமா, கலந்து படிக்கணுமா?

புதிதாகக் கற்கும் நாளில் ஒன்றாகவே படியுங்கள். பயிற்சி செய்யும்போது கலந்துவிடுங்கள். தனிவட்டிக் கணக்கு இருபதை வரிசையாகப் போட்டால், மூன்றாவதிலிருந்து கேள்வியை வாசிக்காமலே வாய்பாட்டில் எண்ணைப் போட ஆரம்பித்துவிடுவோம். தேர்வில் தனிவட்டிக்கு அடுத்து வேலையும் நாளும், அதற்கடுத்துக் கூட்டுவட்டி வரும். எந்த வழியை எடுப்பது என்று முடிவு செய்வதே அங்கே பாதி வேலை.

நேட் கார்னெலும் ராபர்ட் பியார்க்கும் 2008-இல் 12 ஓவியர்களின் படங்களைக் காட்டி யாருடைய பாணி எது என்று கற்கச் செய்தார்கள். கலந்து பார்த்தவர்கள்தான், அதுவரை பார்க்காத படத்தையும் யார் வரைந்தது என்று நன்றாகச் சொன்னார்கள். அப்படியிருந்தும் பெரும்பாலானவர்கள், ஒருவருடையதைத் தொடர்ந்து பார்த்ததுதான் தங்களுக்கு உதவியது என்றே நம்பினார்கள்.

வேலை முடிஞ்சு வந்து உட்கார்ந்தா தூக்கம் தூக்கமா வருது. ராத்திரி முழிச்சுப் படிக்கவா?

தூங்குங்கள். படித்தது நினைவில் உறுதிப்படுவதில் தூக்கத்துக்குப் பெரிய பங்கு உண்டு. இரவு பத்து நிமிஷம் மடித்த நோட்டை மட்டும் பார்த்துவிட்டுப் படுத்து, காலையில் அரை மணி முன்னதாக எழுந்திருங்கள். ‘அம்மாவுக்கு/அப்பாவுக்கு இந்த அரை மணி நேரம்’ என்று வீட்டில் சொல்லி வைப்பதும் படிப்பில் சேர்ந்ததுதான். குறிப்பாகப் பெண்களுக்குச் சொல்கிறேன்: எல்லா வேலையும் முடிந்த பிறகு படிக்கலாம் என்றால் அந்த நேரம் வராது.

எங்க அம்மாவுக்கு 57 வயசு. கைநாட்டுதான். இப்போ சொல்லிக்கொடுத்தா வருமா?

வரும். முதலில் கண்ணைப் பரிசோதியுங்கள். வெள்ளெழுத்துக்குக் கண்ணாடி போடாமல், ‘எனக்குப் படிப்பு வராது’ என்று ஒதுங்கும் பெரியவர்கள் நிறைய.

தமிழ்நாட்டில் இதற்குப் பெரிய முன்மாதிரி இருக்கிறது. 1990-இல் கேரளத்தின் எர்ணாகுளம் முழு எழுத்தறிவு மாவட்டமானது. அதைத் தொடர்ந்து 1991-இல் புதுக்கோட்டையில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. அப்போதைய ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் ஆதரவோடு, எழுத்து கற்ற பெண்கள் சைக்கிளும் கற்றார்கள். கல் குவாரியில் வேலை செய்தவர்களும் கூலி விவசாயம் செய்தவர்களும் ஆயிரக்கணக்கில் ஓட்டினார்கள். பஸ்ஸுக்குக் காத்திருக்காமல் தண்ணீர் எடுக்கவும் சந்தைக்குப் போகவும் முடிந்தது. கற்பது அன்றாட வாழ்க்கையைத் தொட்டதால் ஆர்வம் நின்றது.

அதே வழியில் போங்கள். ‘அ, ஆ’ வரிசையைப் பிறகு பார்க்கலாம். அம்மா பெயர், உங்கள் பெயர், ஊர்ப் பெயர், அவர் ஏறும் பஸ்ஸின் போர்டு, ரேஷன் பில்லில் வரும் ‘அரிசி’, ‘பருப்பு’. குழந்தைக்குச் சொல்வது போலக் குரலை மாற்றாதீர்கள். பேரப்பிள்ளைகள் முன்னால் தப்பைத் திருத்தாதீர்கள். பெரியவர்கள் பாடம் கடினமாக இருந்தால் பொறுத்துக்கொள்வார்கள், அவமானப்பட்டால் எழுந்துவிடுவார்கள்.

சின்ன வயசுல படிச்சாதான் இங்கிலீஷ் வரும்னு சொல்றாங்களே?

உச்சரிப்பில் குழந்தைகளுக்கு நீண்ட காலத்தில் மேல்கை உண்டு. ஆனால் தொடக்க வேகம் பெரியவர்களுடையது. கேத்தரின் ஸ்னோவும் ஹூஃப்னாகல்-ஹோலேயும் 1978-இல், நெதர்லாந்துக்குக் குடிவந்து டச்சு கற்ற, ஆங்கிலம் பேசுகிறவர்களைக் கவனித்தார்கள். முதல் மாதங்களில் வேகமாக முன்னேறியவர்கள் 12 முதல் 15 வயதுக்காரர்களும் பெரியவர்களும்தான். 3 முதல் 5 வயதுக் குழந்தைகள் பின்தங்கியிருந்தார்கள். நாக்கில் தமிழ் வாடை இருப்பதை விடுங்கள், எதிரில் இருப்பவருக்குப் புரிந்தால் போதும். உங்கள் வேலையில் தினமும் வரும் இருபது வாக்கியங்களில் தொடங்குங்கள்.

எங்க ஆபீஸ்ல சீனியர் ஒருத்தருக்கு கம்ப்யூட்டர் சொல்லித்தரேன். எத்தனை தடவை சொன்னாலும் திரும்பக் கேக்கிறார். என்ன பண்றது?

மவுஸ் யார் கையில் இருக்கிறது? நீங்கள் செய்து காட்ட அவர் பார்த்தால், அது வீடியோ பார்ப்பது போலத்தான். அவர் கையில் கொடுங்கள், நீங்கள் வாயால் சொல்லுங்கள். அடுத்த முறை வாயையும் மூடிக்கொள்ளுங்கள். அவர் இருபது வருஷம் பேரேடும் நாள்வழியும் எழுதியவராக இருப்பார். ‘நாள்வழியில் இடப்பக்கம் எழுதுவீர்களே, அது இந்தக் கட்டம்’ என்று தொடங்கினால் வேகம் கூடும். நோட்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு ஏன் மாற்றினார்கள் என்பதையும் சொல்லுங்கள். காரணம் தெரியாமல் கட்டளையை மட்டும் பின்பற்றுவது பெரியவர்களுக்குக் கடினம் என்பதை அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் வாழ்நாளெல்லாம் வலியுறுத்தினார்.

பழைய பழக்கம் குறுக்கே வருவதும் உண்டு. அது அறியாமை இல்லை, அதிகமாக அறிந்ததால் வருவது. அவர் தவறும் இடம் பெரும்பாலும் ஒரே இடமாக இருக்கும். அந்த ஒன்றை மட்டும் தனியாகப் பழகச் செய்யுங்கள்.

நீங்க சொன்ன மாதிரி ஒரு மாசம் செஞ்சேன். முன்னைவிட கஷ்டமா இருக்கு, எதுவும் தெரியாத மாதிரி இருக்கு. சரியாத்தான் பண்றேனா?

பெரும்பாலும் சரியாகத்தான் செய்கிறீர்கள். தபால்காரர்களையும் ஓவியப் பரிசோதனையையும் நினைத்துப் பாருங்கள். முன்பு நோட்டு திறந்திருந்ததால் தெரியாதது கண்ணில் படவில்லை, இப்போது படுகிறது. உணர்வை நம்பாமல், மூன்று வாரத்துக்கு முன் படித்த ஒரு தலைப்பில் இருபது கேள்வியை எடுத்து எழுதிப் பாருங்கள். முன்பு இதே இடைவெளியில் எவ்வளவு நினைவிருந்தது என்று உங்களுக்கே தெரியும்.

ஒரு விதிவிலக்கு. பாதிக்கும் மேல் தவறாகவே வந்துகொண்டிருந்தால், பாடம் இன்னும் புரியவில்லை என்று பொருள். அப்போது சோதிப்பதை நிறுத்திவிட்டு, கணக்குக் கேள்வியில் சொன்னபடி விளக்கத்தோடு மறுபடி படியுங்கள்.

ரெண்டு தடவை எழுதி ஃபெயில். மூணாவது எழுதலாமா, விட்டுடலாமா?

முடிவெடுக்கும் முன் உங்கள் பழைய வினாத்தாளை எடுத்துத் தவறான ஒவ்வொரு கேள்விக்கும் மூன்றில் ஒரு எழுத்துப் போடுங்கள். படிக்கவே இல்லை என்றால் ‘ப’. படித்தது மறந்துவிட்டது என்றால் ‘ம’. தெரிந்தும் கேள்வியைத் தப்பாக வாசித்தேன், நேரம் போதவில்லை என்றால் ‘அ’, அவசரம். ‘ம’ அதிகமென்றால் புதுப் புத்தகம், புது வகுப்பு எதுவும் வேண்டாம், இடைவெளி விட்டுச் சோதிக்கும் முறைதான் வேண்டும். ‘அ’ அதிகமென்றால் வாரம் ஒரு முறை கடிகாரம் வைத்து 3 மணி நேரம் 200 கேள்வி முழுதாக எழுதிப் பழகுங்கள். ‘ப’ அதிகமென்றால் மீதமிருக்கும் பாடத்துக்கு உங்களிடம் உள்ள நேரம் போதுமா என்று நாள்கணக்குப் போடுங்கள். போதாதென்றால் அடுத்த அறிவிப்புக்குத் தள்ளிப் போடுவதில் வெட்கம் இல்லை. வினாத்தாளைக் கொண்டுவாருங்கள், சேர்ந்து உட்கார்ந்து எழுத்துப் போடுவோம்.